அண்ணாருக்குக் குறைந்த அரை அங்குலம்

எங்கள் அண்ணார் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் அன்பர்களும் அவரை ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் என்றே அறிவீர்கள். அவர் போலீசுக்குப் போக ஆசைப்பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. தாயார் உள்ளவரை அதை எழுத வழியில்லை. இப்போது அவர்களும் இல்லை.

தகப்பனார் காலமானபோது அண்ணாருக்கு மீசைகூட அரும்பவில்லை. அன்றே தறியில் உட்கார்ந்தார். கோபம் வந்தால் பேச மாட்டார், தறிச் சத்தம்தான் கூடும். என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூடம் அனுப்பினார். நான் ஒழுங்காகப் படித்தேன் என்று எழுதினால் ஊரார் சிரிப்பார்கள்.

நெசவுக் கூலி இறங்கி, அடுப்பு எரிவதே பெரும்பாடாக இருந்த வருடத்தில், போலீசுக்கு ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. இருவரும் விடியலில் ஏரிக்கரையில் ஓடிப் பழகினோம். முன்னால் ஓடுவது அவர், மூச்சு வாங்குவது நான். தையற்காரர் நாடா பிடித்துப் பார்த்து, இருவர் மார்பும் கேட்ட அளவுக்குச் சரி என்றார். இந்த முறை தவறினால் அண்ணாருக்கு வயது கடந்துவிடும்.

வீட்டிலிருந்து ஒருவர் பூ மிதிப்பதாகவும், பிள்ளைகள் இருவருக்கும் உத்தியோகம் அமைய வேண்டும் என்றும் தாயார் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார்கள். மூத்தவர் என்பதால் அண்ணார் காப்புக் கட்டினார். அந்தியில் ஒருவேளைதான் சாப்பாடு. ஆள் எடுக்கும் நாள் அதன் பிறகுதான் தெரிந்தது. பூமிதிக்கு முன்பாகவே அது வந்துவிட்டது. கட்டிய காப்பை நடுவில் அவிழ்க்க முடியாது. கொஞ்சம் கஞ்சியாவது குடிக்கச் சொல்லி நான் கெஞ்சினேன்.

"விரதம் நம்ம ரெண்டு பேத்துக்கும் சேத்துத்தான் சாமி. நான் இருந்துக்கறேன், நீ தின்னு" என்றார். அவர் பங்கையும் சேர்த்து நான்தான் தின்றேன்.

சேலத்து மைதானத்தில் ஓட்டத்தில் என்னை முந்தினார். கயிறும் ஏறினார். கடைசியில் மார்பளவு. நாடா பிடித்த ஏட்டையா, அரை அங்குலம் குறைகிறது, மூச்சை இழு என்றார். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். குறைந்தது குறைந்ததுதான். எனக்குச் சரியாக இருந்தது.

ஏட்டையாவுக்கே மனம் கேட்கவில்லை. "வகுத்துக்கு ஒண்ணும் போடாம வந்தியாப்பா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணார் என் கையைப் பிடித்தார்.

"சொல்லாதே சாமி. அம்மா காதுக்குப் போனா அவங்க தாங்க மாட்டாங்க."

யாரிடம் போய் நியாயம் கேட்பது? பெற்றவளிடமா, அம்மனிடமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காப்புக் கட்டியவர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பதால் அன்றே நடந்து ஊர் திரும்பினோம். ஓட்டத்தில் பின்தங்கிவிட்டதாகத் தாயாரிடம் சொன்னார். அவர்களும் நம்பினார்கள். பாதி பலித்த வேண்டுதலுக்கு முழுப் பூவும் மிதித்தார். மறுவாரம் நான் பயிற்சிக்குப் போனேன், அவர் தறிக்குப் போனார்.

யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றது. கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனார். இருமல் பிடித்துக்கொண்டது, விடவேயில்லை. எனக்கு விடுப்புக் கிடைத்து வந்து சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர நான் செய்ய ஒன்றுமில்லை.

வீடு தேடி வந்து மருந்து கொடுத்த வைத்தியருக்கும், இரவு பகல் பார்க்காமல் உடனிருந்த பங்காளிகளுக்கும், ஒரு நாள் தறி நிறுத்தித் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

என்னுடன் பணிபுரியும் காவலர்களுக்கும் நன்றி. பணி முடிந்த கையோடு சீருடையில் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு புதியவர், பாடை கட்டும்போது, "அண்ணனும் நம்ம டிப்பார்ட்மெண்டுங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாங்க என்றேன். அவர் விறைத்து நின்று, அண்ணாருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.