வாய்க்கால் பாலத்தில் நின்ற வேன்

நெரவியைத் தாண்டியதும் எங்கள் வேன் களைத்துவிடும். திடீரென்று நிற்காது. முதலில் இன்ஜின் சத்தம் மெலியும். அப்பா ஆக்சிலேட்டரை மிதிப்பார். மிதித்தது எங்கும் போய்ச் சேராமல் கரைந்துவிடும். கனவில் ஓட நினைக்கும்போது கால் நகராமல் இருக்குமே, அப்படி. வயல்கள் மெதுவாக நகரும். வரப்பில் நிற்கும் கொக்கின் கழுத்து மடிப்புகூடத் தெரியும். பின்னால் மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பெண்கள் தூக்கத்திலிருந்து கண் திறந்து, மறுபடி மூடிக்கொள்வார்கள். கடைசியில், பெரும்பாலும் வாய்க்கால் பாலத்தின் சின்ன ஏற்றத்தில், வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்துபோகும். அந்த அமைதியில் தவளைகளும், ஐஸ் உருகிப் பலகையில் சொட்டுவதும் கேட்கும்.

சொல்லக் கூடாதுதான். எனக்கு அந்த மெதுவான நேரம் பிடித்திருந்தது. பனி வயலிலிருந்து எழுந்து நெற்கதிர்களின் மேல் தங்கியிருக்கும். உலகம் முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் முன் இருக்கையில் அம்மாவின் பின்னங்கழுத்து விறைத்திருப்பதைப் பார்த்ததும் அந்த மயக்கம் கலைந்துவிடும்.

நாங்கள் கிளிஞ்சல்மேட்டுக்காரர்கள். சுனாமி அலை வந்த வருடம் எங்கள் படகு துண்டு துண்டாகக் கிடைத்தது. அப்பா முழுதாகக் கிடைத்தார். அதற்குப் பிறகு அம்மா அவரைக் கடலுக்கு விடவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு டீசல் வேனை வாங்கினார்கள். அம்மாவும் அத்தையும் இன்னும் நான்கு பெண்களும் கரையில் மீன் எடுப்பார்கள். அப்பா அவர்களை ஏற்றிக்கொண்டு காரைக்கால் வழியாக நெரவிக்கு அப்பாலுள்ள ஊர்களில் இறக்கிவிடுவார். வயல் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டைப் பூட்டுவதற்குள் கூடை வாசலில் இருக்க வேண்டும். வண்டி பாலத்தில் நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாக உயிர் வந்து கிளம்பினால் அன்றைய வியாபாரம் நாறிப்போகும்.

அது நிற்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா ஒருநாள் சோற்றில் கைவைத்தபடி சொன்னார்: "இந்த வாரத்தோட பாத்துக்கிறேன். அப்பவும் நின்னா திங்கக்கிழமை நான் பக்கத்து வீட்டுப் படகுல ஏறிடுறேன். ஆளு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அம்மா எழுந்துபோய் ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவள் நான்தான். கல்லூரிப் படி ஏறியவளும் நான்தான். எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா அதை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அது எனக்குப் பழகியிருந்தது. ஆகவே, தேர்வுக்கு முந்தைய விடுமுறையில், வேனுக்கும் நானே விடை கண்டுபிடிப்பேன் என்று கூடவே கிளம்பினேன்.

மெக்கானிக் பாய் ஏற்கெனவே டீசல் பில்டரை மாற்றியிருந்தார், ஏர் பில்டரை ஊதியிருந்தார். விசித்திரம் என்னவென்றால், அவர் ஷெட்டில் வேன் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. அவர் டேங்க் மூடியைத் திறப்பார், ஒரு மூங்கில் குச்சியை விட்டு டீசல் பார்ப்பார், ஸ்டார்ட் செய்வார், ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். வண்டி பறக்கும்.

"வண்டியில ஒரு குறையும் இல்லண்ணே" என்பார் பாய். "உங்க காலுதான் இன்னும் படகுலயே இருக்கு."

அத்தைக்குச் சிரிப்பு தாங்காது. "பாய் ஷெட்டுக்குப் போனா மட்டும் புது மாப்ள மாதிரி முறுக்கா நிக்கிது பாரு!"

நான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். எந்த நாள் எங்கே நின்றது, டீசல் எவ்வளவு இருந்தது. நான்கே நாளில் ஒன்று தெரிந்தது. முந்தைய மாலை டீசல் நிரப்பியிருந்தால் மறுநாள் சீக்கிரமே நின்றது. டேங்கில் குறைவாக இருந்தால் கொஞ்சம் தூரம் தாக்குப்பிடித்தது. தமிழ்நாட்டு எல்லை தாண்டினால் விலை கூடுதல் என்பதால் அப்பா எப்போதும் காரைக்காலிலேயே கழுத்துவரை நிரப்பிக்கொள்வார்.

"டீசல்ல தண்ணி கலந்திருக்குப்பா" என்றேன், விடைத்தாளை எழுதி நீட்டுகிற தெம்போடு.

அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. டேங்கை வடித்துத் துடைத்தார். வடித்த டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம், தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் சொன்னதற்காக வேறு பெட்ரோல் பங்கில் போய் நிரப்பி வந்தார். மறுநாள் வேன் நெரவியைத் தாண்டி, அதே பாலத்தில், அதே குலுக்கலோடு நின்றது.

"நேத்து டீசல்ல தண்ணின்னுச்சு காலேஜு" என்றாள் அத்தை, கூடையைச் சரிசெய்தபடி. "இன்னைக்குத் தண்ணியில டீசல்னு சொல்லுமோ என்னமோ."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறைத்தது.

சனிக்கிழமை வந்தது. அன்று வண்டி களைக்கத் தொடங்கியபோது நான் கொக்கைப் பார்க்கவில்லை. பின்பக்கத் தகரத்தில் காதை வைத்துச் சாய்ந்திருந்தேன். இன்ஜின் அணைந்ததும் எனக்குக் கீழே, டேங்க் இருக்கும் இடத்தில், காலியான எண்ணெய் டின்னை அமுக்கினால் வருமே, அதுபோல "டொக்" என்று ஒரு சத்தம். அப்பா இறங்கி வாய்க்காலில் முகம் கழுவப் போனார். அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகில் ஏறுகிற ஒருவரைப் பார்ப்பது மாதிரி.

பாய் செய்வதில் எதை நாங்கள் இங்கே செய்வதில்லை என்று யோசித்தேன். மூங்கில் குச்சி ஞாபகம் வந்தது. குச்சி விடுவதற்கு முன்னால் அவர் மூடியைத் திறக்கிறார்.

"அப்பா, டேங்க் சாவி குடுங்க."

"எதுக்கு?"

"தொறந்து பாக்கணும்."

"நடுரோட்டுலயா? வழியில தொறக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்." கடலில் டீசல் கேனைத் தேவையில்லாமல் திறக்கவே மாட்டார்கள். ஒரு கை உப்புத் தண்ணீர் உள்ளே போனால் இன்ஜின் நடுக்கடலில் நின்றுவிடும். அப்பா அந்த வழக்கத்தோடுதான் கரையேறியிருந்தார்.

அத்தைதான் உதவிக்கு வந்தாள். "குடு தம்பி. அதான் செத்துக் கெடக்குதே, இனிமே தூசி விழுந்தா என்ன, தும்பு விழுந்தா என்ன."

மூடி திரும்பவில்லை. யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. அம்மா இறங்கிவந்து என் கைமேல் கைவைத்தாள். இருவரும் சேர்ந்து திருகினோம். "ஸ்ஸ்ஸ்" என்று நீளமாக, வெளியே அல்ல, உள்ளே இழுக்கும் மூச்சு. பிறகு வண்டிக்கடியில் பெரிதாக ஒரு "டொம்".

"ஆத்தாடி, உசுரு வந்துருச்சுடி" என்றாள் அத்தை.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வட்டம் கிண்ணம்போல் குழிந்திருந்தது. விளிம்பில் நீல மைக் கோடு. அது என் பேனாக் கோடு.

ஏழாம் வகுப்பிலிருந்து அது என் வேலை. லாரி டியூபின் மேல் கேன் மூடியை வைத்துப் பேனாவால் வரைந்து, கத்தரியால் வெட்டி, படகின் டீசல் கேன்களுக்கு ரப்பர் தருவேன். என் வெட்டில் பிசிறு இருக்காது. நான் வெட்டிய ரப்பர் போட்ட கேன் தண்ணீரில் உருண்டாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று அப்பா கரை முழுக்கச் சொல்வார். வண்டி நிற்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, அதன் மூடி வழியாக டீசல் தளும்பியபோது, "கேனுக்கு வெட்டுற மாதிரி ஒண்ணு வெட்டும்மா" என்றார். அப்படியே வெட்டிக் கொடுத்தேன். மூடியின் நடுவில் கடுகளவு ஒரு துளை இருந்ததை அப்போது இருவரும் பொருட்படுத்தவில்லை. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டிய வழி அது. என் ரப்பர் அதை அடைத்துவிட்டது. கழுத்துவரை நிரப்பிய டேங்கில் காற்றே கொஞ்சம்தான். அதனால் சீக்கிரம் மூச்சு முட்டியது. காற்றழுத்தம் பற்றி மூன்று பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

பெண்கள் என்னையே பார்த்தார்கள், வியப்போடு. ரப்பரைச் சுருட்டி வாய்க்காலில் போட்டுவிட்டு, "அடைப்பு இருந்துச்சு, எடுத்துட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். கை ஒரு நிமிடம் அதற்குத் தயாராகவும் இருந்தது.

"அப்பா, இது நான் வெட்டுனது" என்றேன். "நடுவுல ஓட்ட இல்லாம வெட்டிட்டேன். அதான் டேங்குக்குக் காத்து போகல."

அப்பா ஈரக் கையால் அதை வாங்கி விளிம்பைத் தடவினார். "நல்லாத்தான வெட்டியிருக்க."

"நல்லா வெட்டுனதுதாம்ப்பா தப்பு."

"கேன் மாதிரி வெட்டுன்னு நாந்தான சொன்னேன்" என்றார் அப்பா.

அம்மா தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்குகளில் பெரிதைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். சுற்றிச் சுற்றிக் குத்தினேன். பட்டாணி அளவு ரப்பர் பிய்ந்து ரோட்டில் விழுந்தது.

"அடைச்சதும் நீ, தொறந்ததும் நீ" என்றாள் அத்தை. "அப்ப பாய்க்கு என்னாத்துக்குடி ஷெட்டு?"

வண்டி அன்று ஓடியது. ஆனால் நான் சிரிக்கவில்லை. திறந்து மூடினால் அது எப்படியும் ஓடும். அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. வீடு திரும்பும்போது, "பாய் ஷெட்டுலயும் இப்படித்தான ஓடுச்சு" என்றார், பொதுவாக.

ஞாயிறு மாலை கழுத்துவரை டீசல் நிரப்பி, மூடியைப் பூட்டினார். பக்கத்து வீட்டுப் படகுக்காரர் வாசலில் வந்து நின்று, "காலையில வந்துருவல்ல?" என்று கேட்டார். "சொல்றேன்" என்றார் அப்பா. அம்மா பரணிலிருந்து அவருடைய பழைய சாப்பாட்டுத் தூக்கை இறக்கிக் கழுவி, திண்ணையின் மேல் கவிழ்த்து வைத்தாள். கடலுக்கு எடுத்துப்போன தூக்கு அது.

விடியும் முன் படகுகளைத் தள்ளும் சத்தம் கேட்டு விழித்தேன். அப்பா வாசலில் தூக்கோடு நின்றிருந்தார். கரைக்குப் போகும் வழி ஒரு பக்கம், வேன் மறுபக்கம். என்னைப் பார்த்தார். காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் பார்க்கும் அதே பார்வை.

"நிக்காதுல்ல?"

"நிக்காதுப்பா" என்றேன்.

அப்பா வேனின் கதவைத் திறந்து, தூக்கைத் தலைக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டினார்.

அன்று பின்னால் யாரும் தூங்கவில்லை. அத்தைகூடக் கூடையை இறுகப் பிடித்திருந்தாள். அரசலாற்றுப் பாலம் போனது. நெரவி போனது. களைக்கும் இடம் வந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். இன்ஜின் சத்தம் மெலியவில்லை. தூக்கு மட்டும் கொக்கியில் ஆடிக் கிணுகிணுத்தது. பனிக்குள்ளிருந்து வாய்க்கால் பாலம் வந்தது. வண்டி அதன்மேல் ஏறியது. கொக்கு நிற்கிறதா என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வயலும் வரப்பும் ஒரே வெள்ளையாகக் கலைந்து பின்னால் போய்விட்டன.

அப்பா எதையும் காட்டிக்கொள்ளாமல் கியரை மாற்றினார். அம்மாவிடம் ஏதாவது சொல்லலாம் என்று முன்னால் எட்டிப் பார்த்தேன். மூன்று வாரமாக அந்த வண்டியில் கண் மூடாதவள், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிவிட்டிருந்தாள்.