ஆன்டிவைரஸ் இல்லாத கம்ப்யூட்டர்

மாடம்பாக்கத்தில் சிவன் கோயிலுக்குப் போகும் சாலையில், மருந்துக்கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே அஜீசாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்தக் கடை வருவதற்கு முன் அவள் பார்த்த வேலை வேறு. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கும் ஒரு கம்பெனியில், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களை கேட்டில் நிறுத்திச் சோதனை போடும் செக்யூரிட்டி. கைப்பை, சாப்பாட்டு டப்பா, துப்பட்டா மடிப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவாள். கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், மகள் ஆஃபியா காலேஜ் முடிக்கும் வரை அந்த கேட்டிலேயே நின்றாள்.

நின்றதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது தேவைக்கு மேல் சிரித்தால், அந்த ஆளின் பை அஜீசாவுக்குக் கனமாகத் தெரியும். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் அவள் பார்ப்பது முள்ளை இல்லை, அவர் விரலை. கணவர் ஜாகிர், ஏசி மெக்கானிக், இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

கடை திறந்த புதிதில் ஒரு சம்பவம் நடந்தது. கல்யாணப் பத்திரிகை பிரிண்ட் எடுக்க வந்த ஓர் ஆள், தன் பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது என்று வாசலில் நின்று கத்தினான். கூட்டம் கூடிவிட்டது. தான் எதையும் அழிக்கவில்லை என்று அஜீசாவுக்குத் தெரியும். ஆனால் எடுத்துக் காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து, எந்தப் பென் டிரைவைச் சொருகினாலும் முதல் காரியமாக அதில் உள்ள மொத்தத்தையும் தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி போட்டுவிடுவாள். வந்தவர்கள் பேரிலேயே ஃபோல்டர். நாளைக்கு எவன் வந்து என்ன சொன்னாலும் பதில் கையில் இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாகத் தோன்றவும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் இருந்த விண்டோஸ், யாரோ எங்கிருந்தோ சுட்டுப் போட்ட காப்பி. ஆன்டிவைரஸும் அப்படியே. கம்ப்யூட்டருக்கு அடிக்கடி சீக்கு வரும். ஆன் செய்தால் திறக்காது, திறந்தால் பாதியில் நிற்கும். அப்படி நின்ற ஒரு சனிக்கிழமைதான் ஜெயஸ்ரீ கடையில் இருந்தாள். சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள், இரண்டு தெரு தள்ளி வீடு, கடைக்கு வாடிக்கை.

"அக்கா, இங்க சொருகினாலே என் பென் டிரைவ்ல வைரஸ் ஏறிடுது. ஆபீஸ் பக்கமே எடுத்துட்டுப் போக முடியல. நான் வேணா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தரட்டுமா? ஃப்ரீதான்."

ஃப்ரீ என்ற வார்த்தை அஜீசாவுக்குப் பிடிக்கவில்லை. லீவு நாளில் படித்த பெண் ஒருத்தி எதற்கு மெனக்கெட வேண்டும்? ஆனால் கம்ப்யூட்டர் நின்றுபோய் வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். சரி என்றாள். பழைய காப்பிகளை மட்டும் ஜெயஸ்ரீயைத் தொடவிடாமல், மறுநாள் அது கொஞ்சம் ஓடிய நேரத்தில் தானே ஒரு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை ஜெயஸ்ரீ வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். அஜீசா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஆன்டிவைரஸ் எங்க கீது?"

"இதுக்கு அது தேவைப்படாதுக்கா."

"தேவைப்படாதுன்னா? தாப்பாளே இல்லாத வூடா இது?"

ஜெயஸ்ரீ சிரித்தாள். "அப்படி இல்லக்கா. உங்களுக்கு வர்ற வைரஸ் எல்லாம் விண்டோஸுக்குன்னு எழுதினது. இங்க வந்தா அதுக்கு ஓடவே தெரியாது. புதுசா எதை உள்ள போடணும்னாலும் உங்க பாஸ்வேர்டு கேக்கும். அப்டேட் வந்தா உடனே போட்டுடுங்க. கண்ட வெப்சைட்ல இருந்து எதையும் இறக்காதீங்க. அவ்வளவுதான்."

பிறகு ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, பாஸ்வேர்டை அடிக்கச் சொல்லிவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அஜீசா அடித்தாள். திரையில் எதுவும் வரவில்லை.

"இன்னா மேடம், அடிச்சிகினே கீறேன், ஒண்ணும் வுழல?"

"விழாதுக்கா. எத்தனை எழுத்துன்னுகூட பின்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு காட்டாது."

"ஒரு புள்ளிகூடவா?"

"ஒரு புள்ளிகூட."

அடித்த எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது எங்கே போகிறது? அஜீசாவுக்கு அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூட வந்தது. மறுநாளே யூடியூப் பார்த்துப் பாஸ்வேர்டை மாற்றினாள். திரைக்கு மேலே இருந்த சின்னக் கேமராவின் மேல் வாழைப்பழத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்து ஒட்டினாள். சாப்பிட வீட்டுக்குப் போகும்போது பிளக்கையே பிடுங்கிவிட்டுப் போனாள். பீரோவிலிருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்து வந்து பழைய காப்பிகள் அத்தனையையும் திரும்ப உள்ளே ஏற்றினாள்.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. நின்றுபோவது நின்றது. அதுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது. ஆன்டிவைரஸ் இல்லாமல் ஒன்று இவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்றால், ஓடவைப்பவர் யாராவது இருக்க வேண்டும். ஜெயஸ்ரீ கடைக்கு வந்து "எப்படி இருக்குக்கா?" என்று கேட்கும்போதெல்லாம், இவள் எதற்கு இதையே கேட்கிறாள் என்று தோன்றும்.

காலாண்டுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஞானாம்பாள் டீச்சர் வந்தார். பக்கத்திலிருந்த ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கேள்வித்தாள் பொறுப்பும் அவருடையதுதான். முந்தின நாள்தான் பழைய பென் டிரைவ் தொலைந்துவிட்டது என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, தான் முன்பு கொடுத்த வினாத்தாள் ஏதாவது கடையில் மிச்சம் இருக்குமா என்று கேட்டிருந்தார். அஜீசா பள்ளியின் பேரில் இருந்த ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டு, "எல்லாம் போட்டுட்டேன் டீச்சர், வேணுங்கிறத எடுத்துக்கங்க" என்று கொடுத்து அனுப்பினாள். டீச்சர் சந்தோஷமாகப் போனார்.

இன்று அவர் முகம் வேறாக இருந்தது.

"அஜீசாம்மா, நீங்க குடுத்ததைப் போட்டதுலேருந்து ஸ்டாஃப் ரூம்ல ஒரு கம்ப்யூட்டரும் சரியில்ல. ஃபோல்டரைத் தொட்டா வேற எதையோ திறக்குது. மார்க் ஷீட் எல்லாம் காணும். பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டு நிக்கவெச்சுக் கேக்கறார்."

அஜீசாவுக்குப் பயத்தைவிட, நான் நினைத்தது சரிதான் என்கிற ஒரு திருப்தி முன்னால் வந்தது. டீச்சர் போனதும் ஜெயஸ்ரீக்கு போன் போட்டாள்.

"மேடம், உங்க கம்ப்யூட்டரு பண்ண வேலய வந்து பாருங்க."

ஜெயஸ்ரீ சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கொஞ்ச நேரம் எதை எதையோ பார்த்துவிட்டு, "உங்க சிஸ்டம் சுத்தமாத்தான் இருக்குக்கா" என்றாள்.

"சுத்தமா இருந்தா டீச்சருக்கு எப்படிப் போச்சு? நீங்கதான ஆன்டிவைரஸ் வேணாம்னீங்க? இன்னாத்துக்கு வேணாம்னீங்க? அது இருந்தா உள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரிஞ்சிரும்னா?"

ஜெயஸ்ரீயின் முகம் சுண்டிப்போனது. மருந்துக்கடைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கும் ஆன்டிவைரஸ் இருக்குக்கா. க்ளாம் ஏவின்னு பேரு. அதுவும் ஃப்ரீதான். இப்பவே போட்டுப் பாத்துடலாம். பாஸ்வேர்டு அடிங்க."

"அப்ப இல்லவே இல்லன்னு சொன்னது?"

"இல்லன்னு சொல்லல, தேவைப்படாதுன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்தாள். "உங்க கடையை யோசிச்சுப் பாத்து சொல்லியிருக்கணும். அது என் தப்புதான். வீட்ல ஒருத்தர் தனக்கு மட்டும் வெச்சிருந்தா தேவையில்ல. இங்க ஊர்ல இருக்கற பென் டிரைவ் எல்லாம் வந்து போகுது. வைரஸ் இங்க ஓடாது, ஆனா சும்மா உக்காந்திருக்கும். நீங்க அதை இன்னொருத்தர் பென் டிரைவ்ல போட்டா, அவங்க விண்டோஸ்ல போய் ஓடும்."

அஜீசா பாஸ்வேர்டை அடித்தாள். கறுப்புத் திரையில் ஃபைல் பெயர்கள் மேலே மேலே ஓடின. கடைசியில் அகப்பட்ட வைரஸ்களின் எண்ணிக்கையை எழுதிவிட்டு நின்றது. நிறைய. ஜெயஸ்ரீ ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருக்கிறது என்று மேலே நகர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். பள்ளியின் ஃபோல்டரில் சில. மாவு மில்காரர் ஃபோல்டரில் ஒன்று. யாருடையதோ வளைகாப்பு போட்டோக்களுக்கு நடுவே ஒன்று.

"இவங்க ஃபைல் எல்லாம் எதுக்குக்கா இங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நகர்த்தியவளின் கை சட்டென்று நின்றது. திரையில் 'ஜெயஸ்ரீ மேடம்' என்று ஒரு பெயர்.

திறந்தாள். ஆதார், பான் கார்டு, வீட்டுப் பத்திரம், அம்மாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட். இத்தனை நாளில் பிரிண்ட் எடுத்ததும், எடுக்காமல் பென் டிரைவில் சும்மா கிடந்ததும். கல்யாணமான புதிதில் எடுத்த போட்டோக்கள்கூட இருந்தன.

"இது என்ன அக்கா?"

அஜீசா சொன்னாள். கல்யாணப் பத்திரிகை ஆள் கத்தியது, கூட்டம் கூடியது, எதற்கும் இருக்கட்டும் என்று காப்பி எடுத்து வைக்க ஆரம்பித்தது. மனசுக்குள் எப்போதும் நியாயமாக இருந்த விஷயம், வாயால் சொல்லும்போது வேறு மாதிரி கேட்டது.

"நான் யார்கிட்டயும் காட்னதில்ல மேடம். தொறந்துகூடப் பாத்ததில்ல. எங்க அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்?"

ஜெயஸ்ரீ கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள். ஜெயஸ்ரீ தன் ஃபோல்டரை அழித்தாள். குப்பைக்குப் போனதையும் காலி செய்தாள். வீட்டு பீரோவில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பற்றி அஜீசா தானாகவே சொன்னாள். சொன்னதும் ஜெயஸ்ரீயின் முகம் இன்னும் இறுகியது. "அதையும் அழிச்சிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்கிவைத்த டீயைத் தொடாமல் எழுந்து போனாள்.

வீட்டில் ஜாகிர் சொன்னார்: "வைரஸ் கீறத மட்டும் அழிச்சிட்டு வேலயப் பாரு. காப்பி எடுத்தது யாருக்குத் தெரியப்போவுது?"

"அவங்களுக்குத் தெரியாம எடுத்ததுதான் இப்போ பேஜாரே," என்றாள் அஜீசா. ஹார்டு டிஸ்க்கைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், அதிலும் கம்ப்யூட்டரிலும் இருந்ததை ஒவ்வொரு பேராக அழித்தாள். ஷபீனா வீட்டு நிக்காஹ், மீன் விற்கும் முத்தாலம்மாளின் பென்ஷன் காகிதம், யார் யாருடையதோ ஜாதகம், வாடகை ஒப்பந்தம். இத்தனை பேருடைய வீடு தன் கையில் திறந்து கிடந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் பள்ளிக்குப் போனாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் ஞானாம்பாள் டீச்சரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். முதலில் அது யார் கொண்டுவந்த வைரஸ் என்று தெரியாது. பள்ளியிலிருந்தே வேறு யாராவது கொண்டுவந்ததாகக்கூட இருக்கலாம். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "எங்கேந்து வந்துச்சோ டீச்சர், உங்களுக்கு வந்தது எங்கிட்டேந்துதான்" என்றாள்.

டீச்சர் வைரஸ் பேச்சை விட்டுவிட்டார். "இந்த வருஷக் கொஸ்டின் பேப்பரும் உங்க கடையிலதான் இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

"இருந்துச்சு. நேத்து அழிச்சிட்டேன்."

டீச்சர் நெற்றியைத் தேய்த்தபடி நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார். வினாத்தாள்களை எல்லாம் மறுபடி தயார் செய்தார்கள் என்று பிறகு தெரியவந்தது. அந்தப் பள்ளியின் வேலை அதோடு நின்றது. தெருவில் பார்த்தால் டீச்சர் தலையாட்டுவார், கடைக்கு மட்டும் வருவதில்லை.

இப்போது அஜீசா எந்தப் பென் டிரைவையும் முதலில் ஸ்கேன் போட்டுவிட்டுத்தான் திறக்கிறாள். வாரம் ஒருமுறை க்ளாமுக்குப் புது வைரஸ் பட்டியல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறாள். மானிட்டரை வாடிக்கையாளர் பக்கம் பாதி திருப்பி வைத்திருக்கிறாள். வேலை முடிந்ததும் ஃபைலை அழித்துக் காட்டுகிறாள். "இன்னாக்கா, ஏர்போர்ட்டு மாதிரி பண்றீங்க" என்று அவசரக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அவள் மசிவதில்லை.

ஐப்பசி மழையில் சாலையெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு சாயங்காலம் ஜெயஸ்ரீ வந்தாள். அத்தனை நாளாக அவள் பிரிண்ட் எல்லாம் ஆபீஸிலேயே எடுத்துக்கொண்டிருந்தாள் போல. அம்மாவை மறுநாள் காலையில் டாக்டரிடம் காட்ட வேண்டும், ரிப்போர்ட் அவசரம் என்றாள். வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

அஜீசா பென் டிரைவை வாங்கி ஸ்கேன் போட்டாள். பிரிண்ட் எடுத்தாள். மானிட்டரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணும் வெச்சிக்கல மேடம். பாத்துக்கங்க."

"பரவால்லக்கா, நான் பாக்கல," என்றாள் ஜெயஸ்ரீ.

சொன்னாளே தவிர, பென் டிரைவைக் கழற்றி அவள் கையில் கொடுக்கும் வரை கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அஜீசா அதைக் கவனித்தாள். காகிதங்கள் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மடித்துக் கொடுத்தாள். ஜெயஸ்ரீ குடையை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள்.