அடுப்பில் பால், வாசலில் பார்ட்டி

காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போகிற ஆள் நான். பயந்து இல்லை, பொறுமை இல்லாமல். இயற்பியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் பள்ளியில் பாடமும் எடுத்தவள், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். நடந்தது நடு ராத்திரியிலும் இல்லை. பகல் பன்னிரண்டே கால் மணி, நல்ல வெயில், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஓசூரில் பாகலூர் ரோட்டைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் வீடு. என் கணவர் பிரபுவை அவருடைய கம்பெனி குஜராத்தில் இருக்கிற பிளான்ட்டுக்கு மாற்றிவிட்டது. அவர் ஜனவரியிலேயே போய்விட்டார், வீடு விற்றதும் நானும் எங்கள் மகள் யாழினியும் போவதாகப் பேச்சு. அப்போது யாழினி யூ.கே.ஜி. முடிக்கிற நேரம். அங்கே ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பள்ளியில் இடம் சொல்லி வைத்திருந்தார், ஜூன் முதல் வாரத்துக்குள் பிள்ளை வரவில்லை என்றால் இடம் போய்விடும், அப்புறம் இன்னொரு வருடம் நாங்கள் இங்கே, அவர் அங்கே. ராத்திரி வீடியோ காலில் யாழினி போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, "அப்பா, நீயும் படுத்துக்கோ" என்று சொல்லித் தூங்குவாள். அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வருடம் என்னால் இருக்க முடியும் என்று தோன்றவில்லை.

வீடு பார்க்க வருகிறவர்களை எங்கள் புரோக்கர் நாகராஜ் 'பார்ட்டி' என்றுதான் சொல்வார், நானும் அப்படியே பழகிவிட்டேன். அவர் முதல் நாளே சொல்லி ஒரு பார்ட்டியும் வந்ததில்லை. திடீரென்று போன் வரும். "மேடம், பார்ட்டி அத்திப்பள்ளி தாண்டிட்டாங்க." பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டார்கள் என்றால் எனக்கு இருபது நிமிஷம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இருபது நிமிஷத்தில் காய்கிற துணியை எடுத்து, சுவரில் ஈரம் பூத்த இடத்தில் காலண்டரை மாட்டி, ஊதுவத்தி ஏற்றி, தரையில் கிடக்கிற எல்லாவற்றையும் வாஷிங் மெஷினுக்குள் திணிப்பேன். ஒரு பார்ட்டி அதையும் திறந்து பார்த்தது. உள்ளே இருந்து ஒரு பொம்மையும், முந்தின நாள் டிபன் பாக்ஸும், பாதி தின்ற முறுக்கும் வந்து விழுந்தன. அன்றிலிருந்து மெஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் பாலை அடுப்பில் வைத்தால் அது பொங்கி வழியாமல் இருந்ததில்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது வழியும். "உன் அடுப்பு குடிக்கிற பாலுக்கு ஒரு கன்னுக்குட்டி வளத்திருக்கலாம்" என்பார் பிரபு.

அது ஏப்ரல் மாதம், ஒரு வியாழக்கிழமை. நாகராஜ் போன் பண்ணிய நேரம் நான் தலைக்குக் குளித்துவிட்டு நின்றேன். வழக்கமான ஓட்டம். அடுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன், ஏனென்றால் பார்ட்டி எல்லாம் போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு நேராக அக்னி மூலைக்குத்தான் வரும். வருகிறவர்களுக்கு டீ கொடுக்கலாம் என்று பாலை வைத்தேன். அப்போது கேட் சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு அம்மா மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், மெரூன் நிறத்தில் நூல் சேலை, கையில் துணிப்பை.

"வீடு பாக்க வந்தேம்மா" என்றார்.

வீட்டுக்காரர் காரை நிறுத்திவிட்டு வருவார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். அவர் நேராகச் சமையலறைக்கு வந்து, அடுப்பைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கே" என்றார். அந்த நேரம் பார்த்து ஸ்கூல் வேன் ஹாரன். தெருவில் பைப்புக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் வேன் முனையிலேயே நின்றுவிடும், யாராவது போகாமல் பிள்ளையை இறக்க மாட்டார்கள்.

"அக்கா, பாலைக் கொஞ்சம் பாத்துக்குங்க, பாப்பாவக் கூட்டிட்டு ஓடி வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

முன்பின் தெரியாத ஆளை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று தெரு முனையில்தான் புத்தி வந்தது. யாழினியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அவளை ஹாலில் ஷூவைக் கழற்றச் சொல்லிவிட்டு உள்ளே போனால், பால் பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், முகமெல்லாம் சந்தோஷம்.

"பொங்கிருச்சும்மா. கெழக்கு பாத்துப் பொங்குச்சு."

புது வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது சொல்கிற மாதிரியே சொன்னார். அவ்வளவு தேய்த்து வைத்த அடுப்பு, பார்ட்டி வாசலுக்கு வருகிற நேரம், எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "பாத்துக்கத்தானே சொன்னேன், இப்படிப் பொங்க விட்டுட்டீங்களே!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப் போனது. வேலை சரியாகச் செய்யவில்லை என்று எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய ஆள் மாதிரி. மெதுவாகச் சொன்னார்: "இனிமே பொங்காதும்மா."

அதற்குள் காலிங் பெல். கதவைத் திறந்தால் நாகராஜும் ஒரு பெங்களூர் தம்பதியும். அந்த அம்மாவும் இவர்களோடு வந்தவர்தானே என்று பால் கொட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே கூட்டி வந்தேன். சமையலறையில் யாரும் இல்லை. பின்கதவு வழியாகப் போயிருப்பார். அந்தக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று உங்களிடம் சொன்னால் கதை நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு அது நிச்சயமாக ஞாபகம் இல்லை, அதனால் சொல்ல மாட்டேன். கூட வந்தவர்கள் வேறு யாரும் இல்லை என்று மட்டும் நாகராஜ் சொன்னார். பெங்களூர் அம்மா சமையலறை வாசல் வரை வந்து, உள்ளே பார்த்து, "பர்வாகில்ல, பர்வாகில்ல" என்று கன்னடத்தில் சமாதானம் சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டார். கொட்டிய பாலைப் பார்த்துக் கூச்சப்பட்டார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான்கு பார்ட்டி. ஹால், படுக்கையறை, மொட்டை மாடி எல்லாம் பார்த்தார்கள். ஒருவரும் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள். அப்புறம் பதிலே வராது. மே மாதம் பிறந்ததும் நாகராஜ் போனில் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பார்ட்டி வர்ற டைம்ல மட்டும் உங்க அத்தையக் கொஞ்சம் ஹால்ல உக்காரச் சொல்லுங்க. கிச்சன்ல ஒரு பெரியவங்க அடுப்பையே பாத்துட்டு நின்னா எப்படி உள்ள போயி அளந்து பாக்கறதுன்னு கேக்கறாங்க."

"என் அத்தை நாகரசம்பட்டியில இருக்காங்க, நாகராஜ். மாங்கா சீசன், தோப்ப விட்டு நகர மாட்டாங்க."

"அப்போ யாரு மேடம் அது?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். நான் யாரையும் பார்க்கவில்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. யாழினியைச் சுற்றி வளைத்துக் கேட்டேன், அவளும் பார்க்கவில்லை. வீட்டில் இருக்கிற எங்கள் கண்ணுக்குத் தெரியாமல், வாங்க வருகிறவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்றால் அதற்கு என்ன காரணம் சொல்வது? பிரபுவிடம் சொன்னேன். "அந்தம்மாகிட்ட வாடகை கேளு" என்று சிரித்தார். பிறகு என் குரலைக் கேட்டு, "தூங்கறியா ஒழுங்கா?" என்றார்.

அடுத்த பார்ட்டி வரும்போது சமையலறையில் நானே நிற்பது என்று முடிவெடுத்தேன். வந்தவர் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம் செய்கிற பஷீர் பாய், மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருப்பதால் வீடு தேடுகிறார். நல்ல மனிதர், பேச்சில் அவ்வளவு மரியாதை. நான் அடுப்புக்கு முன்னால், மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவர் வாசலில் நின்று கைகூப்பி, "வணக்கம்மா" என்றார். பிறகு கொஞ்சம் திரும்பி, எனக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்து, "வணக்கம்மா" என்றார்.

"ரெண்டு பேரும் வேலையா இருக்கீங்க. இருக்கட்டும், நான் இன்னொரு நாள் வீட்ல உள்ளவங்களோட வர்றேன்."

இடது கை முழுக்க மயிர்க்கூச்செறிந்தது. வலது கையில் ஒன்றும் இல்லை. நம்பினால் நம்புங்கள்.

அன்று முழுக்க யோசித்தேன். புது வீட்டில் பால் பொங்கினால் அந்த வீடு அவர்களுடையதாகிவிட்டது என்றுதானே நாம் எல்லோரும் நினைக்கிறோம். முகம் தெரியாத ஒருத்தரை அடுப்புக்கு முன்னால் நிற்க வைத்து, என் வீட்டில் நானே பால் காய்ச்ச வைத்துவிட்டேனா? அதோடு வீட்டுக்கு வந்த பெண்ணைக் குங்குமம்கூடக் கொடுக்காமல், திட்டி அனுப்பியிருக்கிறேன். படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று வெட்கமாகவும் இருந்தது. ஜூன் முதல் வாரத்துக்கு இருபத்தி மூன்று நாள்தான் பாக்கி. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் யாழினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ரவிக்கைத் துணி, குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்து அடுப்பு மேடையில் இடது பக்கமாக வைத்தேன். சுவரைப் பார்த்துப் பேச வரவில்லை, அடுப்பைப் பார்த்துப் பேசினேன்.

"அக்கா, அன்னிக்கு அவசரத்துல கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. எம்பொண்ணு அவங்கப்பாகிட்டப் போகணும். இந்த வீட்ட விட்டுக் குடுங்க." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்று தோன்றியது. யாரிடம் விடைபெற்றாலும் நாம் சொல்வோமே, மனதில் நினைக்காமலே, வெறும் மரியாதைக்கு, அதையும் சொல்லிவிட்டேன். "அங்க நம்ம வீட்டுக்கு ஒரு தடவ வாங்க."

நான்கு நாள் கழித்து பஷீர் பாய் மனைவியோடு வந்தார். பாய் மனைவி நேராகச் சமையலறைக்குள் போய் அலமாரியைத் திறந்தார், குழாயைத் திருகினார், சிங்க்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஷீர் பாய் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அன்னிக்கு ஒங்க அக்கா நின்னாங்களே, ஊருக்குப் போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். போய்விட்டார்கள் என்று சொன்னேன்.

அன்றே பேசி முடித்தோம். பத்திரம் முடிந்து, ஜூன் இரண்டாம் தேதி நாங்கள் ரயில் ஏறினோம். பள்ளியில் இடம் போகவில்லை. பஷீர் பாய் வீட்டில் இன்றுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, நான் இரண்டு தடவை போன் செய்து விசாரித்துவிட்டேன்.

இங்கே மூன்றாவது மாடியில் வாடகை வீடு. வந்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் கவனித்தது பிரபுதான். "இப்பல்லாம் அடுப்புத் தேய்க்கற சத்தமே கேக்கல, தேறிட்டே போ" என்றார். அப்போதுதான் யோசித்தேன். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு, ஓசூரிலும் சரி, இங்கேயும் சரி, ஒரு தடவைகூட என் அடுப்பில் பால் பொங்கி வழியவில்லை. கவனமாகிவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எனக்கே தெரியும்.

போன மாதம் ஒரு நாள் வேண்டுமென்றே பாலை முழுத் தீயில் வைத்துவிட்டு, பால்கனியில் உட்கார்ந்து யாழினிக்குத் தலை பின்னினேன். இரண்டு பக்கமும் பின்னி, ரிப்பன் கட்டி, பிரித்து, மறுபடியும் கட்டினேன். உஸ் என்று ஒரு சத்தம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். பால் விளிம்பு வரைக்கும் ஏறி இறங்கிய தடம் இருந்தது, ஒரு சொட்டு வெளியே இல்லை, மேலே ஆடை கட்டியிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. திருகு கடைசி வரைக்கும் திருப்பியிருந்தது. பழக்க தோஷத்தில் நானே அணைத்துவிட்டு வந்திருப்பேன். அப்படித்தான் இருக்கும். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு விருப்பம்.

இப்போதெல்லாம் கீழே கடைக்குப் போகும்போதுகூட யாழினியைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் போகிறேன். மூன்று மாடி ஏறி இறங்க அவளுக்கு அலுப்பு, நான் இங்கேயே இருக்கிறேன் என்று அடம் பிடிக்கிறாள். விட முடியாது. அவளைத் தனியாக விட்டுவிட்டுச் செருப்பை மாட்டுகிற அவசரத்தில், சமையலறைப் பக்கம் திரும்பி, 'கொஞ்சம் பாத்துக்குங்க' என்று வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

போன செவ்வாய்க்கிழமை 'கொஞ்சம்' வரைக்கும் சொல்லிவிட்டேன்.