சுபைதா ராத்தா காட்டாமல் போன வளவு

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது சுபைதா ராத்தாவின் மகன் பள்ளிவாசல் படியில் காத்து நின்றார். "உம்மா போயிட்டா, தம்பி" என்றார். செருப்பைக்கூடத் தேடாமல் அவரோடு நடந்தேன். அன்று பின்னேரம் அஸர் தொழுகையோடேயே அடக்கிவிட்டோம். காணிகளை அளந்து பதிய, காணிக் கந்தோர் அலுவலர்கள் எங்கள் ஊர் கொண்டச்சிக்கு வருவது திங்கட்கிழமை. இனி யாரைக் கேட்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

ராத்தாவைத் தெரிந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் ராத்தாதான், மூத்த அக்கா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுப் போன நாங்கள் திரும்பி வந்தபோது அங்கே ஊர் இருக்கவில்லை. மண் வீடுகள் கரைந்து, வேலிகள் மக்கி, எல்லாம் பற்றைக்காடு. காணி பெர்மிட் இல்லாதவர்களுக்குப் பழைய ஆள் ஒருவர் நின்று அவர்களுடைய வீட்டு வளவைக் காட்ட வேண்டும். நான் போகும்போது கைக்குழந்தை. உம்மாவும் வாப்பாவும் அகதியாகப் போயிருந்த புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார்கள்; எங்கள் வளவைக் காட்ட வீட்டில் ஆளில்லை.

ராத்தா அடுப்புகளை வைத்து ஊரைத் தேடினார். அந்தக் காலத்தில் தீப்பெட்டியைச் சிக்கனமாகத்தான் பாவிப்பார்கள். விடியற்காலையில் பக்கத்து வீட்டில் புகை தெரிந்தால், சிரட்டையோடு போய்த் தணல் வாங்கி வருவார்கள். தூரத்தில் வாங்கினால் வழியிலேயே நூர்ந்துவிடும். ஆகவே யார் யாரிடம் நெருப்பு எடுத்தார்கள் என்று தெரிந்தால், யாருக்கு அடுத்த வளவு யாருடையது என்று தெரிந்துவிடும். மக்ரிப் ஆகி இருட்டினபிறகு நெருப்புக் கொடுக்காத வீடு எது, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுக்கும் வீடு எது என்று சொல்லிச் சொல்லியே பற்றைக்குள் எல்லை போட்டார். எவ்வளவு வடிவான காலம் என்று நான் ஒருநாள் உருகினேன். "என்ன வடிவு? புகையக் குடிச்சுக் குடிச்சே எங்கட உம்மா செத்தா" என்றார்.

என் உம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து அவருடைய அடுப்பில்தான் நெருப்பு எடுத்தாராம். ராத்தாவின் கிணறு இன்னும் இருக்கிறது. அதற்கு எந்தப் பக்கம் எங்கள் வளவு என்று கேட்டேன். கந்தூரி விருந்தில் வீட்டு ஆட்கள் கடைசியாகத்தானே சாப்பிடுவார்கள்? அந்த முறையைத்தான் ராத்தா இங்கேயும் பிடித்துக்கொண்டார்.

"வெளியாக்கள்ட முடியட்டும். நீ வீட்டு ஆள், உனக்குக் கடைசியாக் காட்டுறன்" என்றார்.

வீட்டு ஆள் என்றதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு இருந்துவிட்டேன். எல்லோருக்கும் காட்டி முடித்தார். எனக்கு மட்டும் மிச்சம்.

திங்கட்கிழமை காணிக் கந்தோர் ஐயா வந்தார். கிணற்றுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். இரண்டு பக்கமும் பற்றைதான். ஊரைவிட்டுப் போகும்போது ராத்தாவின் மகனும் சின்னப் பிள்ளை, அவருக்கும் நினைவில்லை. ஒன்று எங்களுடையது, மற்றது இன்னும் திரும்பி வராத ஒரு குடும்பத்துடையது. எதைக் காட்டியிருந்தாலும் மறுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. என் மனைவி என் கையைப் பிடித்து நசித்தாள். வாடகை வீட்டில் பிள்ளைகளோடு படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆனால் முன்பொருநாள் குத்துமதிப்பாக எல்லை காட்டிய ஒருவரிடம், "வராதவன்ட வளவில கால் வைக்காத" என்று ராத்தா சீறியதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.

"தெரியாது, ஐயா" என்றேன்.

அவர் அடுத்த வளவுக்குப் போய்விட்டார். மனைவி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ராத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, 'கால் வைக்காத' என்ற அந்த ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு எங்கே போய்க் குந்துவது என்றுதான் தெரியவில்லை.