முகவரியின் வாலில் ஓர் எண்

எலெக்ட்ரானிக் சிட்டியில் என் ஆபீஸ். ஓர் ஆஸ்பத்திரிக்கு இணையதளம் கட்டிக்கொண்டிருந்தோம். இணையதளத்துக்கு ஞாபகமே கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே, நீ யார் என்று கேட்கும். அதனால் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்போம். அந்த எண்ணைக் குக்கி என்னும் சின்னக் கோப்பாகப் போனுக்குள்ளேயே வைக்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தின் முகவரியில் வால் போல ஒட்டிவிடலாம். சண்டை அதில்தான்.

சிலர் போனில் குக்கி வராதபடி அடைத்து வைத்திருந்ததால் உள்ளே நுழையவே முடியவில்லை என்று புகார் வந்தது. மேனேஜர் வாலை ஒட்டச் சொன்னார். நம் ஜனங்கள் எதைப் பார்த்தாலும் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், எண்ணும் கூடவே போகும், தட்டுகிறவர் அவர்கள் கணக்குக்குள்ளேயே நுழைந்துவிடுவார் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மீட்டிங்கில் குரல் ஏறிவிட்டது. கன்னடக்காரரான அவர் அசரவில்லை.

"சும்னே பயப்படாதீங்க. கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கலாம்."

ஓட்டினோம்.

சந்தாபுராவிலிருந்து என் அக்காவும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாவது முறையும் கரு தங்கவில்லை. மாமாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். மாமியாரிடம் தானே உட்கார்ந்து சொல்ல வேண்டும், அதற்கு மனசு தேற வேண்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் சாப்பிடும்போது, இரண்டு வீட்டாரும் இருக்கும் குடும்பக் குழுவில் அவள் ஒரு சுட்டி அனுப்பினாள். மாமியாருக்குக் கண் புரை. இலவச முகாம் அறிவிப்பைத் தளத்தில் பார்த்தவள் முகவரியை அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறாள். பின்னால் நீளமாக வால். தட்டினேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை. மேலே அக்காவின் பெயர், பக்கத்திலேயே 'என் ரிப்போர்ட்டுகள்'.

சோற்றுக் கையோடு போன் போட்டு லாக் அவுட் பண்ணச் சொன்னேன். ஏன் என்று கேட்டவளை அதட்டினேன். அவள் வெளியேறியதும் அந்த எண் செத்துப்போனது. மறுபடி தட்டியபோது பாஸ்வேர்டு கேட்டது. குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

யார் என்று சொல்லாமல் நடந்ததை மட்டும் மேனேஜரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலையே வாலை எடுத்தோம். குக்கியை எப்படித் திறந்துவிடுவது என்று படத்தோடு ஒரு பக்கம் எழுதிப் போட்டோம். அவ்வளவுதான் வேலை. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் வந்திறங்கிய தண்ணீர்க் கேனை மாமியார் தானே உருட்டிக்கொண்டு போனார். அக்காவைத் தொடவே விடவில்லை. அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு அக்கா சொன்னாள். சுட்டியை முதலில் தட்டியது அவர்தானாம்; மாமாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மருமகள் எல்லோருக்கும் சேர்த்துத் தன் பெயரில்தான் பதிந்திருப்பாள், அந்த 'என் ரிப்போர்ட்டுகள்' தன் கண் ரிப்போர்ட்டாக இருக்கும் என்று நினைத்துத் திறந்திருக்கிறார். எழுத்தைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், புரிந்துவிட்டது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து வேலை எதையும் செய்ய விடுவதில்லையாம்.

"நல்லவங்கதானக்கா, விடு" என்றேன்.

"நல்லவங்கதான்டி. அவங்க மடியில படுத்து நானே சொல்லி அழணும்னு இருந்தேன். இப்ப சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல."