இடுப்பு எங்கே இருக்கிறது

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் நைனா முதலில் சட்டையைத் தேடுவார். போனில் சட்டை தெரியாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். பொத்தானைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "வணக்கம்மா" என்று ஆரம்பிப்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன்.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். செஞ்சி நெல் மண்டியை எங்கள் ஊரில் கமிட்டி என்போம். அங்கே நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையுமாக மூட்டை தூக்கியே வயதானவர் அவர். அத்தனை பாரத்துக்கும் அசையாத மனிதர், வீட்டுக் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு மேல்முனையில் ஒடிந்துபோனது. விழுப்புரம் போகிற வழியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பந்தும் கிண்ணமும் புதிதாகப் பொருத்தி, கைப்பிடித்து நடக்கவைத்து, சிரித்த முகமாகத்தான் அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் தரப் பிரிவு என்று ஒன்று உண்டு. மூட்டு மாற்றிக்கொண்டு போனவர்களுக்கெல்லாம் அங்கிருந்து ஒரு பெண் மாதம் தவறாமல் போன் செய்வாள். வலி எப்படி, நடை எப்படி, தானாக எழுந்து பாத்ரூம் போக முடிகிறதா என்று கேட்டு மார்க் போடுவாள். எல்லார் மார்க்கையும் கூட்டிப் பார்த்துத்தான் அங்கே வைத்தியம் எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று முடிவு செய்கிறார்களாம். ஆபரேஷன் முடிந்ததும் கை கழுவிவிடாமல் கூப்பிட்டுக் கேட்கிறார்களே என்று எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் மரியாதைதான் வந்தது.

நான் பத்திர எழுத்தர் ஒருவரிடம் டைப் அடிக்கிறவள். வடக்கே இன்னார் கொல்லை, தெற்கே வண்டிப்பாதை என்று நாள் முழுக்க நிலத்துக்கு எல்லை அடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை தவறினாலும் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் அந்தப் பெண்ணின் கேள்விகளையும் தொழில் புத்தியோடுதான் கேட்டேன். அவற்றில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

பங்குனி பிறந்ததும் நைனாவின் நடை மாறியது. அதற்கு முன் கம்பை ஊன்றிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அப்புறம் டீக்கடைக்கே போகவில்லை. கேட்டால் வெயில் என்றார். வெயில்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மாதங்களில் ஊரைச் சுற்றியிருக்கிற மலைப்பாறை பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு ஊருக்குள் கக்கும். எல்லார் உடம்பும் சுடும். நைனாவின் உடம்பு சாயங்காலமானால் கூடுதலாகச் சுடுகிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தபோது, காய்ச்சல் மாத்திரை அட்டையில் பாதி காலியாகியிருந்தது. அவராகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"இன்னா நைனா, எங்கனா வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. சூடு."

"ஏன் சுவத்தப் புடிச்சிக்கினு நடக்கற?"

"நடக்கறேன் இல்ல? அப்புறம் இன்னா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இவ்வளவு சாதுவான மனிதருக்கு இப்படி ஒரு கோபக்காரப் பெண்ணா என்று அம்மா சொல்வாள். அம்மா இப்போது இல்லை. என் வீட்டுக்காரர் சென்னையில் வேலை, வாரக் கடைசியில் வந்து போகிறவர். மீதி நாட்களில் வீட்டில் நானும் நைனாவும்தான்.

அந்த வாரம் போன் வந்தது. நைனா எழுந்து உட்காரவே சிரமப்பட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"ஐயா, இடுப்புல வலி இருக்குதுங்களா?"

"இடுப்புல வலியே இல்லம்மா. சுத்தமா இல்ல."

"ரொம்ப சந்தோசம் ஐயா. வலிக்கு ஃபுல் மார்க் போட்டுடறேன்."

நான் போனைப் பிடுங்கினேன். "இந்தாம்மா, அதெல்லாம் போடாத. மனுசன் சுவத்தப் புடிச்சிக்கினு நடக்கறாரு. சாயங்காலமானா ஜுரம் வேற."

அவள் பயந்துபோனாள். "அட்டெண்டர் சொல்றத மார்க்குல போட முடியாதுங்க மேடம். பேஷன்ட் சொல்றதத்தான் போடணும். டவுட்டா இருந்தா ஓ.பி.க்குக் கூட்டினு வாங்க" என்றாள். நைனா கையை நீட்டிப் போனை வாங்கி, "அது அப்டித்தாம்மா கத்தும், நீ போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. காப்பீட்டு அட்டையில் இனாமாக ஆபரேஷன் செய்தார்களே, குறை சொன்னால் டாக்டர் பெயர் கெட்டுவிடும் என்று இந்த மனிதர் வலியை விழுங்குகிறார் என்பது என் கணிப்பு. கமிட்டியிலும் அவர் அப்படித்தான். கூலி பேசத் தெரியாது, எதிரில் இருப்பவர் முகம் வாடக்கூடாது. "டாக்டருக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டு நீ படுத்துக்கப் போறியா?" என்று கத்தினேன். "நான் பொய் சொல்லல பாப்பா" என்றார். திரும்பத் திரும்ப அது ஒன்றைத்தான் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் கூடியது.

காலையில் அவரால் காலைக் கீழே வைக்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தெருக் காரை வரவழைத்துவிட்டேன். பின் சீட்டில் சாய்ந்துகொண்டு வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் சீட்டுத் துணியை இறுக்கிப் பிடித்தார். நான் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த ரோடு அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஓ.பி.யில் ஒரு சின்ன டாக்டர் பார்த்தார். வயது குறைவு, கூட்டம் அதிகம். தையல் போட்ட இடத்தைப் பார்த்தார், சுத்தமாக ஆறியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தார், பந்து கிண்ணத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

"இடுப்புல வலி இருக்கா ஐயா?"

"இல்லைங்க."

டாக்டர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "போன்ல கேட்டப்பவும் வலி இல்லைன்னுதான் சொல்லியிருக்காரு. ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்கே மேடம்."

"ஸ்கோர் நல்லா இருக்குது சார். எங்க நைனாதான் நடக்கல" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் வந்து பார்க்காமல் இந்த நாற்காலியை விட்டு எழமாட்டேன் என்றேன்.

பெரிய டாக்டர் வந்தார். நைனாவைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, காலை மெதுவாக உள்பக்கம் திருப்பினார். நைனாவின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது. நெற்றி முழுக்க வேர்த்துவிட்டது.

"வலிக்குதா?"

நைனா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ கொஞ்சம் வெளிய இரு."

"எதுக்கு? நான் போனதும் வலிக்கலைன்னு சொல்லிட்டு வரதுக்கா?"

"வெளிய இருங்கம்மா" என்றார் டாக்டரும். வேறு வழியில்லாமல் திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். ஒரு துணிதான் நடுவில். நைனா குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார், காது மந்தமானவர்கள் தாழ்த்துகிற குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

"இடுப்புல சத்தியமா ஒண்ணும் இல்லைங்க டாக்டர். இது வேற. தொடைச் சந்துல, உள்ளார, விதைக்குப் பக்கத்துல. பத்து நாளா உயிர் போவுது. மூட்டை தூக்குன ஒடம்பு, குடல் எறங்கிடுச்சோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். பொண்ணுகிட்ட இத எப்டிங்க சொல்றது? போன் பண்றதும் பொட்டப் புள்ள."

டாக்டர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அப்புறம், "ஐயா, நாங்க மாத்துன மூட்டு அங்கதான் இருக்குது. இடுப்பு வலின்னு நாங்க கேட்டது அந்த எடத்தைத்தான்" என்றார்.

"அது எப்டிங்க? இடுப்புன்னா வேட்டி கட்டுற எடம் இல்லீங்களா?"

திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இடுப்பு என்றால் எனக்குக் குடம் வைத்துக்கொள்கிற இடம், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்கிற இடம். நிலத்துக்கு நான்கு பக்கமும் எல்லை எழுதுகிறோம், உடம்புக்கு யாரும் எழுதிவைக்கவில்லை. அவர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. கேட்ட இடத்தில் வலி இல்லை, அதனால் இல்லை என்றார். வலித்த இடத்தைக் கேட்பார் இல்லை, கேட்டிருந்தாலும் எங்களில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அவரைப் போய் எவ்வளவு திட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். தெளிவாக வரவேண்டிய நீர் கலங்கலாக வந்தது. உள்ளே கிருமி சேர்ந்திருக்கிறது, இன்றைக்கே திறந்து கழுவவேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

"கழுவுனா சரியாயிடுமா சார்?"

"பாக்கலாம்மா. அடங்கலைன்னா வச்சதெல்லாம் வெளிய எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் எப்போ நடப்பாருன்னு இப்போ சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யூனிபார்ம் சேலை கட்டிய ஒரு பெண் வந்து, "மேடம், செஞ்சி ஐயாவோட பொண்ணுங்களா?" என்றாள். குரலில் யாரென்று தெரிந்தது. நேரில் பார்த்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பது என்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டேன். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"பெரிய டாக்டர் இப்போதான் சொன்னாரு. எல்லார்கிட்டயும் இடுப்புன்னுதாங்க மேடம் கேட்டேன். அப்டித்தான் கேக்கச் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாரும் இல்லன்னு சொல்லும்போது எவ்ளோ சந்தோசமா இருந்துச்சு தெரியுங்களா" என்றாள்.

என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூட்டு மாற்றிக்கொண்ட மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகத் திரும்பவும் போன் போட ஆரம்பித்தாள். முதல் ஆளிடம் தொடைச் சந்து என்று சொல்வதற்குள் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஆள் போனை வைத்துவிட்டார். அடுத்து தளவானூர் அம்மா ஒருத்தி. "ஆமாம்மா, அங்க வலிக்குதுதான். ஆனா அது இடுப்பு இல்லயே?" என்று அந்த அம்மா கேட்டது என் காதிலும் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாளே வந்துவிடச் சொல்லி அவள் கெஞ்சினாள்.

நைனாவின் மூட்டைத் திறந்து கழுவினார்கள். வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏறியது. வைத்தது வைத்தபடி இருக்கட்டும், பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். கிளம்பும்போது பெரிய டாக்டர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: மறுபடி வலி வந்தால் அன்றைக்கே தெரியவேண்டும், நாள் கடத்தினால் மூட்டைக் காப்பாற்ற முடியாது.

அன்றைக்கே எப்படித் தெரியும்? அவர் வாய் திறந்தால்தானே. எனக்கே அந்த வார்த்தை வரவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது, "நைனா, அது எப்டி இருக்குது?" என்பேன். "எது?" என்பார். "அதான்." "ம், இருக்குது" என்பார். டைப் அடிக்கும்போதுகூட அவர் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ என்று மனசு அடித்துக்கொள்ளும். அவர் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டே, "சூடு இல்ல, போ" என்பார்.

ஆடி மாதம் ஒரு காலையில் அந்தப் பெண் கூப்பிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஐயா, தொடைச் சந்துல, உள்பக்கமா வலி ஏதாச்சும் இருக்குதுங்களா?" இப்போது அவள் குரலில் தயக்கம் இல்லை.

நைனா என்னைப் பார்த்தார். நான் இருந்தால் சொல்லமாட்டார் என்று போனைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"எங்க போற? இரு" என்றார். அப்புறம் போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "இருக்குதும்மா. தொடைச் சந்துலதான். நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

திரும்பவும் கிருமியோ, எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்களோ என்று போனுக்குக் கிட்டே ஓடி வந்தேன். அவள் உடனே கிளம்பி வரச் சொன்னாள். காருக்குச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால் நைனா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப இல்ல பாப்பா, லேசாத்தான். சொல்லலாமா வேணாமான்னு ராத்திரி பூரா..."

"சொல்லிட்டியே நைனா" என்றேன். அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.