அணைத்து வைத்த குரல்கள்

இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ரிடையர் ஆன பிறகு நீரஜா கற்றுக்கொண்ட ஒரே வித்தை, கம்ப்யூட்டரில் பாட்டை வெட்டி ஒட்டிச் சேர்ப்பது. புருஷன் போய்ச் சேர்ந்ததும் மந்தைவெளி வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு என்று யாரோ ஒரு பையன் போட்டிருந்த வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள். முதலில் எதைத் தொட்டாலும் கரகரவென்றது. அவள் விடுகிற ஜாதி இல்லை. ஃபேன் சத்தத்தை எடுப்பது, குக்கர் விசிலை வெட்டுவது, குப்பை வண்டி பாடிக்கொண்டே போகிற பாட்டை சாமி பாட்டுக்குள்ளிருந்து பிடுங்கிப் போடுவது எல்லாம் மெல்லக் கைவந்தது.

அதனாலேயே அவள் பாடும் மயிலாப்பூர் பஜனைக் குழுவின் மார்கழிப் பாட்டைச் சேர்த்துத் தரும் வேலை இந்த வருஷம் அவள் தலையில் விழுந்தது. குழுவை மேய்ப்பவர் கோமளா மாமி. மாமி தும்மினால் குழுவே தும்மும். பாடுகிற ஒவ்வொருத்தியும் காதில் தம்புராவைக் கேட்டுக்கொண்டு, வீட்டிலேயே பாடிப் போனில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். நீரஜா அவற்றைத் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவாள். ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினால் சிவப்பாகும். அந்தக் குரல் ஊமையாகிவிடும்.

எல்லாம் வந்து சேர்ந்த அன்று மாமி போன் பண்ணினார். தேவானையின் குரலை அணைத்துவிட வேண்டுமாம். தேவானை லஸ் பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். குழுவுக்கே பிளவுஸ் தைத்துக் கொடுக்க வந்து, அப்படியே பாடவும் உட்கார்ந்தவள். ஓங்கிய குரல், எதையும் நடுத்தெருவில் நின்று கூப்பிடுகிற மாதிரிதான் பாடுவாள்.

"பேட்டைத்தனமா இருக்குடி," என்றார் மாமி. "வீடியோல அவ மூஞ்சி இருக்கட்டும், பேரும் இருக்கட்டும். குரல் மட்டும் வேண்டாம். அவளுக்கு எங்க தெரியப்போறது."

நீரஜா அழுத்தினாள். மனசு ஒன்றும் உறுத்தவில்லை. அன்று மத்தியானமே தேவானையிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி. "நீரஜாம்மா, நான் பாட்னது நல்லா கீதா? இல்லாங்காட்டி இன்னொரு தபா பாடி அனுப்பட்டா?" பிரமாதம் என்று பதில் போட்டுவிட்டு நீரஜா காபி கலக்கப் போனாள்.

மறுநாள் தம்புராச் சத்தம் மெலிசாகப் பட்டது. குழுவின் முந்தைய பாட்டைத் தி.நகரில் ஒரு ஸ்டூடியோக்காரர்தான் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஸ்ரீகிருஷ்ணா என்று பெயர். அதிலிருந்த தம்புராவை மட்டும் தரும்படி அவரைக் கேட்டாள். மனிதருக்குத் தேடி எடுக்கச் சோம்பல். மொத்தத்தையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவரும் இதே சாஃப்ட்வேர்தான். வீட்டுக்கு வந்து திறந்தாள். பழைய பாட்டு வரிசை வரிசையாக விரிந்தது. கடைசியில் நீரஜா என்று ஒரு வரிசை மட்டும் மங்கலாக இருந்தது. பக்கத்தில் பொத்தான் சிவப்பாக எரிந்தது.

அவள் அதை மறுபடி அழுத்திச் சிவப்பை எடுத்துவிட்டுத் தன் குரலை மட்டும் தனியே கேட்டாள். மேலே போகிற இடத்தில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. அவ்வளவுதான். அதற்காகவா?

அந்தப் பாட்டு வெளிவந்தபோது அவள் புருஷன் படுக்கையில் இருந்தார். சாயங்காலமானால் அதைத்தான் போடச் சொல்வார். சரணம் வந்ததும் விரலைத் தூக்கி, "இதோ, இது நீ," என்பார். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள். அந்த மனிதர் கடைசிவரை விரலைத் தூக்கிக் காட்டியது யாரோ ஒருத்தியின் குரலை. தன்னை முட்டாளாக்கியதைக் கூட நீரஜா பொறுத்துக்கொள்வாள். சாகக் கிடந்தவரையும் சேர்த்து முட்டாளாக்கியிருக்கிறார்கள். பாவிகள்.

உடனே மாமியைக் கூப்பிட்டுக் கேட்டாள். மாமி மழுப்பவில்லை, அதுதான் கொடுமை. ஆமாம், தான்தான் அணைக்கச் சொன்னதாக, இன்றைக்குக் குழம்பில் உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"நாலு பேருக்கு நீ போட்டுக் காமிச்சுண்டு சந்தோஷமாத்தானே இருந்தே? தேவானையும் அப்படியே இருந்துட்டுப் போறா. யாருக்கு என்னடி நஷ்டம்?"

நீரஜா போனை வைத்துவிட்டாள். கோபத்தில் பாதி மாமி மேல். மீதி, காபி கலக்கப் போன தன் மேலேயே. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தேவானையின் பொத்தானை மறுபடி அழுத்திச் சிவப்பை எடுத்தாள். சத்தத்தையும் நன்றாக ஏற்றிச் சரணத்தில் அவளை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினாள். பிறகு கோமளா மாமியின் வரிசைக்குப் போய் அழுத்தினாள். மாமியின் குரல் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் பாட்டைச் சேர்த்து, சரிபார்க்கச் சொல்லி மாமிக்கே அனுப்பினாள். இதைக் கேட்டு மாமி குதிக்க வேண்டும், அப்போது வைத்துக்கொள்கிறேன் என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாமி கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. அந்தத் தையல்காரி தொலைந்ததில் பாட்டு எத்தனை சுத்தமாகிவிட்டது பார் என்றார். சரணத்தில் தன் குரல் தனியாக எடுப்பாகக் கேட்கிறதாம். ஆத்தில் எல்லாரையும் உட்கார்த்தி வைத்து இரண்டு தரம் போட்டுக் காட்டினாராம். மாட்டுப்பெண் கூட அசந்துபோய்விட்டாளாம்.

நீரஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது.

"மாமி, சரணத்துல கேக்கறது தேவானை. அணைச்சு வெச்சிருக்கறது உங்களை."

மறுபக்கம் டிவி சத்தத்துக்கு நடுவில் யாரோ மாமியிடம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று மாமி அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நீரஜா கேட்டதில்லை.

"இது வேற யாருக்கும் தெரியாதே? என்னை எப்போ திரும்பப் போடுவே?"

"தேவானையைக் கேட்டுண்டு சொல்றேன்," என்றாள் நீரஜா.